பெட்டி நாளைக்கு நாயனம் ஊதாது

கையும் கருவியும் – 17

போன வாரம் திருவாவடுதுறையில் சீவாளி கட்டுகிறவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். ஆற்றங்கரை நாணல் தட்டை நாகஸ்வரத்தின் நாக்காக மாறுகிற வேலையைப் பார்த்தோம். விடைபெறும்போது அவர் சொன்ன ஒரு விஷயத்தை மட்டும் எழுதாமல் இந்த வாரத்துக்கென்று எடுத்து வைத்திருந்தேன். “முந்தியெல்லாம் நாயனத்துக்கு வாங்க வர்றவங்க ஒத்துக்கும் சேர்த்து வாங்கிட்டுப் போவாங்க. ஒத்துக்குச் சீவாளி வேணும்னு கேட்டு ஆள் வந்தே பல வருஷம் ஆச்சு.”

ஒத்து என்ற பெயரே இன்று பலருக்குப் புதிதாக இருக்கும். பார்வைக்கு அது நாகஸ்வரம் மாதிரியே இருக்கும். அதே மரக்குழல், அதே அணைசு, அதே சீவாளி. விரல் வைக்கிற துளைகள் மட்டும் கிடையாது. அடிப்பக்கத்தில் சில துளைகள் உண்டு. அவற்றை மெழுகால் அடைத்துச் சுருதியைச் சரிபண்ணிக்கொள்வார்கள். அதிலிருந்து வருவது ஒரே சுரம், ஆதார சட்ஜம். நாயனக்காரர் எந்த ராகத்தில் எவ்வளவு தூரம் போனாலும் திரும்பி வந்து சேர வேண்டிய வீடு அது. கச்சேரி முடிகிறவரை அந்த ஒலி அறுபடக் கூடாது.

அறுபடாமல் ஊத வேண்டுமென்றால் மூச்சு விடுவது எப்படி? ஒத்துக்காரர் கன்னம் நிறையக் காற்றை அடக்கிக்கொள்வார். அந்தக் காற்று குழலுக்குள் இறங்கிக்கொண்டிருக்கும்போதே மூக்கால் புதுக்காற்றை இழுத்துக்கொள்வார். உள்ளே போகிற மூச்சும் வெளியே வருகிற நாதமும் ஒரே நேரத்தில் நடக்கும். இரண்டு நாயனம், இரண்டு தவில், ஒரு தாளம், ஒரு ஒத்து என்று ஆறு பேர் சேர்ந்தால்தான் அது பெரிய மேளம். அந்த ஆறில் முதலில் காணாமல் போனவர் ஒத்துக்காரர்தான்.

நிறுத்தாத பையன்

எனக்குப் பத்து வயதிருக்கும். எங்கள் ஊர்ச் சிவன் கோயிலில் திருவிழா. சாமி புறப்படுகிற நேரம். தவில் முதலில் தனியாக முழங்கியது. அது ஓய்ந்ததும் கம்பீர நாட்டையில் மல்லாரி கிளம்பியது. மல்லாரிக்குப் பாட்டு வரி கிடையாது. சாமியை வெளியே அழைத்து வருவதற்கென்றே நாகஸ்வரமும் தவிலும் வளர்த்து வைத்திருக்கிற, சொல்லில்லாத இசை அது. புறப்பாட்டுக்கு ஒன்று, தீர்த்தத்துக்கு ஒன்று, தேருக்கு ஒன்று, தளிகைக்கு ஒன்று என்று தனித்தனி மல்லாரிகள் உண்டு என்பதெல்லாம் எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரியும். அன்றைக்குத் தெரிந்தது ஒன்றுதான்: மேளத்தின் ஓரத்தில் என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்த பையன் ஒருவன் நின்றிருந்தான். அவன் கன்னம் இரண்டும் உப்பியிருந்தன.

நான்கு தெருவும் சுற்றி சாமி திரும்பி வர நடுநிசி தாண்டிவிட்டது. வழியில் நாயனக்காரர் வாசிப்பை நிறுத்திச் சொம்புத் தண்ணீர் குடித்தார். தவில்காரர் தோளைவிட்டு வாரை இறக்கி வைத்துக் கையை உதறிக்கொண்டார். தாளக்காரர் வெற்றிலை போட்டுக்கொண்டார். அந்தப் பையன் மட்டும் நிறுத்தவில்லை. மற்றவர்கள் ஓய்ந்த நேரத்தில்தான் அவன் ஊதிக்கொண்டிருப்பதே எங்களுக்குக் கேட்டது. வண்டுச் சத்தம்போல ஒரே சீராக, இருட்டுக்குள் ஒரு கயிறு கட்டின மாதிரி அந்த ஒலி நீண்டுகொண்டே இருந்தது.

அன்றைக்கு அவனைப் பார்த்துப் பாவப்பட்டேன். எல்லோரும் வாசிக்கிறார்கள், இவனுக்கு மட்டும் ஒரே சுரமா என்று நினைத்தேன். நான் நினைத்தது எவ்வளவு தவறு என்று எனக்குப் புரியவைத்தவர் எழுபத்தாறு வயதான ஒரு பெரியவர்.

திண்ணையில் ஒரு பாடம்

கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவே, பெரிய சாலையைவிட்டு உள்ளே தள்ளி இருக்கிற ஒரு கிராமம் அவருடையது. நாற்பது வருஷத்துக்கும் மேல் கோயிலில் நாயனம் வாசித்தவர். பல் விழுந்த பிறகு உதடு சீவாளியைப் பிடிக்க மறுத்துவிட்டது. வாசிப்பு அதோடு நின்றது. உத்தரத்தில் இரண்டு உறைகள் தொங்கின. ஒன்றில் நாயனம். இன்னொன்றில், அவர் சிறுவனாக இருந்தபோது ஊதிய ஒத்து.

“ஒன்பது வயசில குருநாதர் வீட்டுக்குப் போனேன் தம்பி. முதல் மூணு வருஷம் தாளமும் ஒத்தும்தான். நாயனத்தைத் தொடவே விடலை.”

“சலிப்பா இருக்காதாய்யா?”

“இருந்துச்சு. அழுதிருக்கேன். பின்னாடிதான் புரிஞ்சுது. ஒத்து ஊதுறவன் வாய்தான் ஒரே இடத்துல நிக்கும். காது நிக்காது. குருநாதர் பக்கத்துலயே நிக்கிறோம். அவர் தோடியை எங்க ஆரம்பிக்கிறார், எங்க இழுத்துப் பிடிக்கிறார், எங்க மூச்செடுக்கிறார், எல்லாம் உள்ள போயிடும். ராத்திரி முழுக்க அதே வேலை. மூணு வருஷம் கழிச்சு நாயனத்தைக் கையில குடுத்தப்ப, எனக்கு விரல்தான் தெரியாது. ராகம் தெரிஞ்சிருந்துச்சு.”

நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன். எந்த இசைப் புத்தகத்திலும் இவ்வளவு துல்லியமாக இதைப் படித்ததில்லை.

சுருதிக்காக ஒருவரை நிறுத்துவதாகத்தான் வெளியே இருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியும். உண்மையில் ஒத்து என்பது ஒரு வகுப்பறை. மூச்சை ஆளக் கற்றுக்கொடுத்தது அதுதான். ஒரே சட்ஜத்தைப் பல நூறு மணி நேரம் பிடித்த காதுக்கு, ஒரு இழை தவறினாலும் தெரிந்துவிடும். தாளம் போட்ட பையனுக்கோ, தவில்காரர் எத்தனை நடைக்குப் போனாலும் சமத்துக்கு எங்கே வந்து விழுவார் என்பது கைப்பழக்கமாகவே வந்துவிடும். ஒத்திலும் தாளத்திலும் தொடங்கி இரண்டாம் நாயனத்துக்கு உயர்ந்து, அதற்குப் பிறகு தனி மேளம் கட்டுவார்கள். படிக்கிற பையனுக்கு அந்த முதல் படியிலேயே சாப்பாடும் கிடைத்தது, சில ரூபாயும் கிடைத்தது. சம்பளம் கொடுத்துச் சொல்லிக்கொடுத்த பள்ளிக்கூடம் அது.

இரண்டாம் நாயனத்தின் அருமைக்கு எல்லோருக்கும் தெரிந்த சாட்சி காருகுறிச்சி அருணாசலம். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையிடம் சிஷ்யராகச் சேர்ந்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்து உடன் வாசித்து வளர்ந்தவர் அவர். 1962இல் வெளியான ‘கொஞ்சும் சலங்கை’யில் எஸ். ஜானகியின் குரலோடு இழைந்து வரும் அந்த நாகஸ்வரத்தைக் கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். அந்த வாசிப்புக்குப் பின்னால் பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட வருஷங்கள் இருக்கின்றன.

முதல் பெட்டி

1970களின் கடைசியில் பெங்களூரில், புல்லாங்குழல் வாசிக்கத் தெரிந்த பொறியாளரான ஜி. ராஜ் நாராயண் மின்னணுச் சுருதிப்பெட்டியை உருவாக்கினார். அது பெரிய உபகாரம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அடுக்குமாடிக் குடியிருப்பில் தனியாகச் சாதகம் பண்ணுகிற பெண்ணுக்கு, தம்புரா மீட்ட ஆள் கிடைக்காத சின்ன ஊர் மாணவனுக்கு, வெளிநாட்டுப் பயணம் போகிற வித்வானுக்கு அது உற்ற துணை. ஈரக் காற்றில் இறங்காது, வெயிலில் ஏறாது. இன்று அதுவும் தேவையில்லை. கைப்பேசியில் ஒரு செயலி போதும். கட்டையைத் தேர்ந்தெடுத்து விரலால் தொட்டால் சுருதி ஓடத் தொடங்கிவிடும்.

பெட்டி வந்ததும் மேளக்காரர்களுக்கு ஒரு கணக்குத் தோன்றியது. வண்டிச் செலவில் ஒரு ஆள் குறையும். கிடைக்கிற தொகையை ஆறாகப் பிரிப்பதற்குப் பதில் ஐந்தாகப் பிரிக்கலாம். கல்யாணத்துக்குப் பேசுகிறவர்களும் “எத்தனை பேர் வருவீங்க?” என்றுதான் முதலில் கேட்டார்கள். மேளக்காரர்களை இதில் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. வருஷத்தில் சில மாத முகூர்த்தங்களை நம்பிக் குடும்பம் நடத்துகிறவர்கள் வேறென்ன செய்திருப்பார்கள்?

வாய்ப்பாட்டு மேடையிலும் இதே கதைதான். பாடகருக்குப் பின்னால் தம்புராவோடு உட்கார்ந்திருந்தவர் பெரும்பாலும் அவருடைய சிஷ்யர். சாரணை, அனுசாரணை, பஞ்சமம், மந்தரம் என்று நான்கு தந்தியையும் தானே சேர்த்து, குதிரைக்கும் தந்திக்கும் நடுவே நூலை நகர்த்தி நகர்த்தி ஜீவாவை வரவழைக்கிற வேலை அவருடையது. அந்த நூல் சரியான இடத்துக்கு வந்ததும் தந்தி ரீங்காரமிடத் தொடங்கும். அதைக் கண்டுபிடிக்கிற காதுதான் பிறகு பாடவும் செய்யும். குருவின் முதுகுக்குப் பின்னால் இருந்து ஒரு கச்சேரி முழுவதையும் கேட்கிற இடம் அது. இன்று பல மேடைகளில் அங்கே ஒரு பெட்டி இருக்கிறது.

பெட்டி சுருதி தப்பாது. ஆனால் பெட்டி கேட்காது. எத்தனை தோடி காதில் விழுந்தாலும் அதற்குள் எதுவும் போய்ச் சேராது. ஒரு மனிதன் உட்கார்ந்து வளர்ந்துகொண்டிருந்த இடத்தில், வளராத ஒன்றை வைத்துவிட்டோம்.

இரண்டாவது பெட்டி

இரும்புச் சட்டம் ஒன்றில் முரசும் மணியும் ஜால்ராவும் பொருத்தியிருக்கும். கீழே மோட்டார். சுவிட்சைத் தட்டினால் சக்கரம் சுழன்று, கம்பிகள் ஏறி இறங்கி, எல்லாம் சேர்ந்து அடிக்கும். நம்மூர்க் கோயில்களில் தீபாராதனை நேரத்தில் இதைக் கேட்காதவர்கள் இருக்க முடியாது. மின்சார மேளம் என்றும் ஆட்டோமேட்டிக் மேளம் என்றும் சொல்கிறார்கள்.

அது அடிப்பது ஒரே அடி. விடியற்காலையிலும் அதே அடி, பள்ளியறைக்குச் சாமி போகும்போதும் அதே அடி. உஷத்காலத்தில் தொடங்கி அர்த்தஜாமம் வரை ஆறு கால பூஜை நடக்கிற கோயிலில், ஒவ்வொரு காலத்துக்கும் இன்ன ராகம் என்று ஒரு ஒழுங்கு இருந்தது. பொழுது புலரும்போது பூபாளம். இரவு நடை சாத்தும்போது நீலாம்பரி. கடிகாரம் இல்லாத வீட்டிலும் கோயில் நாயனத்தைக் கேட்டு மணி சொன்னார்கள். வயல் வேலைக்குக் கிளம்பியவர்களுக்கும் தொட்டிலை ஆட்டியவர்களுக்கும் ராகத்தின் பெயர் தெரிந்திருக்காது. ஆனால் அந்த நேரத்துக்கு எந்த இசை வரும் என்று தெரிந்திருந்தது.

இதில் நாம் கவனிக்கத் தவறியது இன்னொன்று உண்டு. நித்திய பூஜைக்கு வாசிப்பதுதான் நாயனக்காரரின் அன்றாடச் சாதகம். கல்யாண மேடையில் கேட்பவர்களுக்கு அவசரம். திருவிழாவில் கூட்டம். கோயிலின் வெறும் பிராகாரத்தில்தான் அவர் தனக்காகவும் சாமிக்காகவும் மட்டும் வாசித்தார். ஒரே ராகத்தை வருஷம் முழுக்க அதே நேரத்தில் வாசிக்கும்போதுதான் அதன் உள்ளறைகள் ஒவ்வொன்றாகத் திறக்கும். பக்கத்தில் மகனோ மருமகனோ தாளம் தட்டிக்கொண்டு நிற்பான். மோட்டார் வந்தபோது போனது ஒரு ஆளின் வேலை மட்டுமல்ல, தினசரிப் பாடவேளையும்தான்.

என் ஊருக்குப் பக்கத்துக் கிராமக் கோயிலில் அந்த இயந்திரம் இருக்கிறது. அங்கே பூஜை செய்கிற குருக்களிடம் மனசில் இருந்ததைக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. “எனக்கு மட்டும் நாயனம் கேட்க ஆசை இல்லையா? ஒரு கால பூஜை நடக்கிற கோயில் இது. எண்ணெய்க்கும் திரிக்குமே பார்த்துப் பார்த்துச் செலவு பண்றேன். கடைசியா வாசிச்ச பெரியவர் போனப்புறம் இங்க வர யாரும் இல்லை. சாமிக்கு முன்னாடி மௌனமா கற்பூரம் காட்ட மனசு வரலை. உபயதாரர் ஒருத்தர் இதை வாங்கிக் குடுத்தார்.” அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை.

பெட்டி மேல் மட்டும் பழி போட முடியாது

உள்ளதைச் சொல்ல வேண்டும். இயந்திரங்கள் வருவதற்கு முன்பே இந்தக் கலைஞர்களை நாம் தொலைவில்தான் நிறுத்தியிருந்தோம். இசை வேளாளர் குடும்பங்களிலும் மருத்துவர் சமூகத்துக் குடும்பங்களிலும் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வந்த வித்தை இது. மங்கலம் என்று அதைக் கொண்டாடிய அதே ஊர், வாசித்தவருக்குப் பந்தியிலும் தெருவிலும் என்ன இடம் கொடுத்தது என்பது எல்லோருக்கும் தெரியும். ராஜரத்தினம் பிள்ளை கிராப் வெட்டிக்கொண்டதையும் கோட்டுப் போட்டுக்கொண்டதையும் இன்றும் கதைபோலச் சொல்கிறார்கள். ஒரு மகாவித்வான் மரியாதைக்காகத் தன் தோற்றத்தாலேயே போராட வேண்டியிருந்தது என்பதுதான் அந்தக் கதைக்குள் இருக்கிற செய்தி.

அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை படித்து அலுவலக வேலைக்குப் போனால் அதைக் குறை என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. கல்யாண வீட்டில் மேளம் வாசிக்கிறவர்கள் பக்கம் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. தாலி கட்டுகிற நிமிஷத்தில் “கெட்டிமேளம், கெட்டிமேளம்” என்று கத்துகிறோம். மற்ற நேரமெல்லாம் ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு ஓடுகிறது. அவர்கள் அருமையான ஒரு ராகத்தை எடுத்து விரிக்கத் தொடங்கும்போது, “போட்டோ எடுக்கணும், கொஞ்சம் நிறுத்துங்க” என்கிறோம். சில வீடுகளில் கெட்டிமேளம்கூடக் கைப்பேசியிலிருந்து வருகிறது.

கீபோர்டிலும் நாகஸ்வரக் குரல் என்று ஒரு பொத்தான் இருக்கிறது. தூரத்திலிருந்து கேட்டால் அது போலவே இருக்கும். ஆனால் நாகஸ்வரத்தில் ஏழு விரல் துளைகள்தான். துளையைப் பாதி மூடியும், உதட்டை இறுக்கியும், மூச்சின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்தும்தான் நடுவில் இருக்கிற அத்தனை சுரங்களும் கமகங்களும் பிறக்கின்றன. நாக்கால் சீவாளியைத் தட்டிச் சுரங்களைப் பிரித்து உதிர்க்கிற துத்துகாரமும், விரலாலேயே உதிர்க்கிற விரலடியும் உடம்பில் ஊறி வருபவை. தவில்காரரின் வலது கை விரல்களில் மாட்டியிருக்கிற கூடும், இடது கைக் கழியும் அப்படித்தான். சொற்கட்டை வாயால் சொல்லிச் சொல்லி, அது கைக்குள் இறங்க வருஷங்கள் ஆகும். பொத்தானுக்கு அந்த வருஷங்கள் தேவையில்லை. அதனாலேயே அதைத் தட்டிப் பழகிய பிள்ளைக்கு இந்த வருஷங்கள் வீண் என்று தோன்றிவிடுகிறது. எனக்குக் கவலை தருவது அதுதான்.

பள்ளிகள் இருக்கின்றன

நம்பிக்கைக்கு இடமே இல்லை என்று நான் எழுத மாட்டேன். தமிழ்நாட்டில் 17 மாவட்ட அரசு இசைப்பள்ளிகள் இருக்கின்றன. குரலிசை, பரதநாட்டியம், வயலின், மிருதங்கம், தேவாரம் ஆகியவற்றோடு நாதசுரமும் தவிலும் அங்கே மூன்று வருஷப் படிப்பு. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் நாகஸ்வரமும் தவிலும் கற்றுத்தருகிறார்கள். அறநிலையத் துறையும் கோயில்கள் வழியாகப் பயிற்சிப் பள்ளிகள் நடத்துகிறது. நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது.

இந்தப் பள்ளிகள் செய்திருக்கிற பெரிய காரியம், குடும்ப வாசலுக்குள் மட்டும் இருந்த வித்தையை எந்த வீட்டுப் பிள்ளைக்கும் திறந்துவிட்டது. பெண் பிள்ளைகளும் சீவாளி பிடிக்கிறார்கள். மதுரை பொன்னுத்தாய் மேடையேறிய காலத்தில் ஒரு பெண் நாகஸ்வரம் வாசிப்பதே அதிசயமாகப் பேசப்பட்டது. ஆந்திரத்தில் பிறந்து ஸ்ரீரங்கத்தில் வாழ்ந்த ஷேக் சின்ன மௌலானா, நாகஸ்வரத்துக்குச் சாதியும் மதமும் இல்லை என்பதை வாழ்ந்தே காட்டினார். அவரிடம் கற்ற காலீஷாபி மகபூபும் ஷேக் மகபூப் சுபானியும் தம்பதியாக வாசித்து, 2020ஆம் ஆண்டுக்கான பத்மஸ்ரீ பெற்றார்கள்.

ஆனால் பள்ளி மூன்று வருஷத்தில் முடிந்துவிடுகிறது. வர்ணம் தெரியும், கீர்த்தனை தெரியும், சான்றிதழும் கையில் இருக்கும். ஓர் இரவு முழுவதும் நான்கு வீதியில் ஒரே ராகத்தை எப்படி விரித்துக்கொண்டு போவது என்பதை வகுப்பறை கற்றுத்தர முடியாது. அதற்குப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். முன்பு அப்படி நிற்பதற்கு ஒரு காரணம் இருந்தது, ஒத்து இருந்தது. இப்போது பள்ளியிலிருந்து வெளியே வருகிற பிள்ளை எங்கே போய் நிற்பான்? ஏணியின் மேல்படிகள் பத்திரமாக இருக்கின்றன. கால் வைத்து ஏற வேண்டிய கீழ்ப்படிகளைத்தான் கழற்றி வைத்துவிட்டோம்.

ஒரு கருவியை முழுதாகத் தொலைத்த அனுபவம் நமக்கு ஏற்கெனவே உண்டு. பேரியாழ், மகரயாழ், சகோடயாழ், செங்கோட்டியாழ் என்று பெயர்கள் நிலைத்திருக்கின்றன. அவற்றை மீட்டிய விரல் ஒன்றுகூட நமக்கு மிஞ்சவில்லை. மட்டக்களப்புப் பக்கத்துக் காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் பல வருஷம் உழைத்து, பழைய நூல்களையும் கணக்குகளையும் கொண்டு யாழின் இலக்கணத்தை மீட்டெடுத்தார். ‘யாழ் நூல்’ 1947இல் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அவருடைய பேரறிவால் நரம்புகளின் அளவைக் கண்டுபிடிக்க முடிந்தது. ஆனால் எந்த இடத்தில் விரல் தயங்கியது, எந்த இடத்தில் குழைந்தது என்பதை ஏடு சொல்லாது. அதை ஒரு கை இன்னொரு கைக்குத்தான் சொல்ல முடியும். அந்தச் சங்கிலியில் ஒரே ஒரு கண்ணி அறுந்தால் போதும்.

நாகஸ்வரச் சங்கிலி இன்னும் அறவில்லை. அதனால்தான் இதை இப்போதே எழுதுகிறேன்.

நம்மால் ஆகிற காரியம்

கல்யாணத்துக்கு மேளம் பேசப் போகிறவர்கள் தயவுசெய்து ஒரு கேள்வி கேளுங்கள்: “ஒத்துக்கு ஒரு பிள்ளையை அழைச்சுக்கிட்டு வர முடியுமா? அவனுக்கும் சேர்த்துக் கொடுக்கிறோம்.” பந்தலுக்கும் பூவுக்கும் ஆகிற செலவோடு பார்த்தால் அது சின்னத் தொகை. கோயிலுக்கு உபயம் செய்ய நினைப்பவர்கள் இயந்திரம் வாங்கிக் கொடுப்பதற்குப் பதில், பக்கத்து இசைப்பள்ளி மாணவன் ஒருவன் மாலைப் பூஜைக்கு வந்து வாசிக்க மாதச் சம்பளம் கட்டுங்கள். அவன் தவறாகவே வாசிக்கட்டும். சாமி பொறுத்துக்கொள்ளும். பிராகாரம் அவனுக்குப் பாடவேளையாகத் திரும்பக் கிடைக்கும். இவை இரண்டுக்கும் அரசாணை வேண்டாம், மாநாடு வேண்டாம்.

அந்தப் பெரியவர் வீட்டிலிருந்து கிளம்பும் நேரத்தில் அவருடைய பேரன் வந்தான். இசைப்பள்ளியில் நாகஸ்வரம் படிக்கிறான். உட்கார்ந்ததும் கைப்பேசியை எடுத்துத் திண்ணையில் வைத்துச் சுருதியை ஓடவிட்டான். கொஞ்ச நேரம் வாசித்தான். நன்றாகத்தான் வாசித்தான். பெரியவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு என்னிடம் சொன்னார்: “அந்தப் பெட்டிச் சுருதியில ஒரு குத்தமும் இல்லை தம்பி. என்னைவிட நல்லாவே நிக்குது. ஆனா ஒண்ணு. அன்னிக்கு ஒத்து ஊதுன நான், பின்னாடி நாயனம் ஊதினேன். இந்தப் பெட்டி நாளைக்கு நாயனம் ஊதாது.”

பிறகு பேரனை உத்தரத்திலிருந்து இரண்டாவது உறையை எடுக்கச் சொன்னார். சீவாளியை அவனே வாயில் வைத்து நனைத்தான். பெரியவர் கைப்பேசியைத் தடவிப் பார்த்தார். நிறுத்தத் தெரியாமல் அவனிடமே நீட்டினார். அவன் நிறுத்தினான். ஒத்தை எடுத்து ஊதினான். கன்னம் உப்பியது. சட்ஜம் எழுந்தது, நடுங்கியது, நிலைத்தது. மூக்கால் மூச்சை இழுக்க முயன்ற இடத்தில் அறுந்துபோனது.

“மறுபடி,” என்றார் பெரியவர்.

மறுபடி ஊதினான். இந்த முறை கொஞ்சம் கூடுதலாக நின்று அறுந்தது.

“மறுபடி.”

நான் தெருமுனை திரும்பும்வரை அந்த ஒலி அறுந்து அறுந்து தொடர்ந்துகொண்டிருந்தது.

(தொடரும்)

அடுத்த வாரம்: நரசிங்கம்பேட்டையில், பழைய வீடுகளின் ஆச்சாமரத் தூண்கள் நாகஸ்வரமாகக் கடையப்படுகிற பட்டறை.